புரட்டாசிச் சனியும் பலச்சிந்தாவும்

தொலைபேசி அடித்தபோது என் வீட்டுக்காரர் தங்கவேல் கண்ணாடி முன்னால் நின்று நாமம் போட்டுக்கொண்டிருந்தார். மணிச் சத்தத்தில் கை ஆடி நடுக்கோடு கோணிவிட்டது.

அது அடித்ததே எங்களுக்கு அதிசயம். நல்லூர்த் தெருவெல்லாம் குழாய் பதிக்கிறேன் பேர்வழி என்று தோண்டிப் போட்டு, டெலிபோன் கேபிளை அறுத்துவிட்டுப் போன கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? நாள்கணக்கில் ஊமையாகக் கிடந்த அந்தப் போன்தான் அன்று காலை திடீரென்று வாய் திறந்தது.

எடுத்தேன். கடகடவென்று ஓர் ஆண் குரல். ஒரு சொல்லும் புரியவில்லை. "இலோனா, இலோனா" என்பது மட்டும் காதில் விழுந்தது.

மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன். "கண்ணு, உங்க ஊர்லருந்து போனுங்க! வெரசா வாங்க!"

மாடியில் குடியிருந்த இலோனா கையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். வாங்கிக் காதில் வைத்தாள். அவள் ஏற்கனவே வெள்ளைக்காரி. அதற்கு மேலும் ஒரு முகம் வெளுக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

"அப்புச்சி... அப்புச்சி..."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கொங்குப் பக்கத்தில் அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர்.

மேல் வீட்டு அம்மணி

இலோனா ஹங்கேரி தேசத்துப் பெண். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ரெண்டாயிரம் பிறந்த புதிது. செல்போன் பெரிய முதலாளிகளின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம். திருப்பூரில் பனியன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பையிங் ஆபீசில், சரக்கின் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு.

ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நானே சமைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று எங்கள் மாடிக்கு வாடகைக்கு வந்தாள். கீழே நாங்கள். பின்பக்கம் எங்கள் சின்னத் தையல் யூனிட். மேலே அவள். அவளுக்கு மேலே மொட்டை மாடி.

என் வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"மத்த நாள்ல என்ன வேணா ஆக்கிக்குங்க அம்மணி. சனிக்கிழமையும் புரட்டாசி மாசமும் மட்டும் நம்மூட்டுல கவிச்சி ஆகாதுங்க."

கவிச்சி என்றால் கறி, மீன், முட்டை எல்லாம் சேர்த்தி. அவள் தலையாட்டினாள். தலையாட்டியதோடு சரி, அதன்பின் ஒரு சனிக்கிழமைகூட அவள் ஜன்னலிலிருந்து முட்டை வாசம் வந்ததில்லை. உள்ளூர்க்காரர்களே அந்த அளவுக்கு வாக்குக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

தமிழை அவள் செக்கிங் டேபிள் பெண்களிடம் கற்றாள். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டது. தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவாள். எங்கள் தெருவே அவளுக்காகச் சிரிக்கப் பழகியிருந்தது.

வந்த புதிதில் ஒருநாள் துள்ளிக்கொண்டு கீழே வந்தாள். நம் 'அப்பா' அவர்கள் பாஷையிலும் 'அபா'தானாம்! பூக்காரி, இஸ்திரிக்காரர், பால்காரர் என்று ஒருத்தர் விடாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஒரே சொல்லுங்க அக்கா! எங்கியோ இருக்கோம், ஒரே சொல்லுங்க!"

அந்தச் சந்தோஷம்தான் பின்னால் எங்கள் எல்லோரையும் கவிழ்த்தது.

கல்யாணச் சாவு

அன்றைக்கு வருகிறேன்.

"அப்புச்சி போயிட்டாருங்களா கண்ணு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஆமாங்க அக்கா. அப்புச்சி போயிட்டாருங்க."

பேசியது அவளுடைய அண்ணன். பல நாளாகவே முயன்றிருக்கிறான். எங்கள் போன்தான் செத்துக் கிடந்ததே! அன்றைக்கே அடக்கம். அங்கே மதியம், நமக்குச் சாயங்காலம். எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது.

என் வீட்டுக்காரர் நாமத்தோடு வந்து நின்றார். அவருக்குத் துக்கம் கேட்கத் தெரியும்; ஊரில் எந்த இழவுக்கும் முதல் ஆளாக நிற்பவர்.

"அழுவாதீங்க அம்மணி. வயசாளி. இதெல்லாம் கல்யாணச் சாவுங்க. எங்க பக்கம் கொட்டுமொழக்கோட எடுப்போம்."

"கல்யாணமுங்களா?" என்றாள் அவள், கண்ணீரோடு, ஒன்றும் புரியாமல்.

"பேரன் பேத்தி எத்தனை பேருங்க?"

"இல்லீங்க அண்ணா. பேரன் பேத்தி ஒண்ணுமில்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். அழுகையில் பாஷை தடுமாறுகிறது போல என்று இருவரும் நினைத்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து இலோனா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் வீட்டுக்காரர் முன்னால் கைகட்டி நின்றாள்.

"அண்ணா, இன்னிக்குச் சாயந்திரம் கோழி ஆக்கோணுங்க. பலச்சிந்தா. எங்க ஊர்த் தோசை மாதிரிங்க, உள்ள கறி வெச்சது. அப்புச்சி செய்யறதுங்க. எங்க ஊர்ல மண்ணு போட்டதும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடோணுங்க. நான் அங்க இல்ல. இங்கயாவது சாப்பிடோணுங்க."

அவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

"இன்னிக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைங்க அம்மணி. இந்த மாசம் கழியட்டும். அப்புறம் தாராளமா ஆக்கிக்குங்க. அப்புச்சி எங்க போயிடப் போறாரு?"

"சரிங்க அண்ணா."

வாதாடவில்லை. படியேறிப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

அப்படியானால் நீ யார்?

இழவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது. உறவுக்காரர்கள்தான் ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவளுக்கு இந்த ஊரில் எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கக் கரைக்க அந்த வார்த்தை உறுத்தியது. பேரன் பேத்தி ஒண்ணுமில்லீங்க.

அட, பேத்தியே முன்னால் நின்றுகொண்டு பேத்தி இல்லை என்கிறாளே! அப்படியானால் இவள் யார்?

ரசத்தையும் சோற்றையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னத் தகர டப்பா.

"கண்ணு, அப்புச்சின்னா உங்கம்மாவைப் பெத்தவருதானே?"

நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லீங்க அக்கா. அம்மா நான் சின்னதுலயே போயிட்டாங்க. இது அபா. என்னைப் பெத்தவருங்க. சின்னக் குழந்தை கூப்பிடறது அபுச்சி. உங்க ஊர்லயும் குழந்தைங்க அப்புச்சின்னு கூப்புடறாங்களே? அதேதானுங்களே?"

தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அறுபதுகூட ஆகாத மனுஷன். தாயில்லாப் பிள்ளைகளைச் சமைத்துப் போட்டு வளர்த்தவர். அவர் சாவை நாங்கள் கல்யாணச் சாவு என்று சொல்லியிருக்கிறோம். எங்கே போயிடப் போறாரு என்று கேட்டிருக்கிறோம். அவளும் சரிங்க சரிங்க என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

மூலனூர் வாசல்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மூலனூரில் முருங்கைக்காய்ச் சந்தையில் கட்டுக் கட்டி ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர் அவர். எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களில், சந்தையிலேயே சாய்ந்துவிட்டார். சேதி வந்ததும் கிளம்பினேன். பல்லடத்தில் பஸ்ஸை விட்டேன். அடுத்த பஸ் வழியில் படுத்துக்கொண்டது.

மக வரட்டும், மக வரட்டும் என்று அங்கே காத்திருக்கிறார்கள். பொழுது இறங்கிவிட்டது. அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள்.

நான் போய் இறங்கியபோது வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டிருந்தார்கள். அந்த ஈரம்தான் நான் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமும் இல்லை. ஈர வாசலில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளி அழுதேன். அந்த ஆற்றாமை எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இலோனாவுக்கு அந்த ஈர வாசல்கூடக் கிடையாது என்று நினைத்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. கேபிளை அறுத்தவன் மேல் ஆத்திரம். பெருமாள் மேல்கூட ஆத்திரம்தான். விடுவிடுவென்று இறங்கிப் போனேன்.

நாமத்தோடு கறிக்கடையில்

"ஏனுங்க, அது அப்புச்சி இல்லீங்க. அந்தப் புள்ளையோட அப்பனாமாங்க. அவங்க பாஷைல அப்பனைச் செல்லமாக் கூப்புடறது அப்படியாமா."

அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். கால் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார்.

"நான் என்ன சொன்னேன் அந்தப் புள்ளகிட்ட?" என்றார்.

"அதை உடுங்க. இப்ப என்ன பண்றது? இன்னும் சித்த நேரத்துல அங்க எடுத்துருவாங்க."

எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"சோலியப் பாரு புள்ள. மேல மொட்டை மாடில மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கொண்டுபோய் வை. கீழ்வீடு நம்முது, இங்க கவிச்சி ஆகாது. மேல்வீடு இன்னிக்கு இழவு ஊடு, அடுப்பெரியக் கூடாது. மொட்டை மாடி யாரூடும் இல்ல. பத்த வெக்கறது நீ பத்த வை. மத்தது அந்தம்மணி கையால நடக்கட்டும்."

முப்பது வருஷம் அவரோடு வாழ்ந்தேன். பல நேரம் முரட்டு மனுஷன் என்று திட்டியிருக்கிறேன். அன்று அவர் சொன்ன தீர்ப்புக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்.

கறிக்கடைக்காரர் பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தார். புரட்டாசிச் சனிக்கிழமை, கடையில் ஈயாடுகிறது. நாமம் போட்ட ஆள் வண்டியை நிறுத்தியதும் யாருக்கோ வழி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தாராம். கோழி கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"ஏனுங்க, நாமத்தோட வந்து நிக்கறீங்க? ஆருக்குங்க?"

"எங்கூட்டுப் புள்ளையோட அப்பா தவறிட்டாருங்க" என்றாராம் இவர்.

கறிக்கடைக்காரர் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். தோலுரித்துச் சுத்தம் பண்ணிக் கையில் கொடுத்து, வண்டி வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்.

சட்டியைச் சுற்று

நான் அன்று கறியைத் தொடமாட்டேன் என்பதால் எதிர்வீட்டு ஜெபமணியைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண். எங்கள் யூனிட்டில்தான் டெய்லர்.

"யக்கா, நீங்க தள்ளுங்க. கறிய நா பாத்துக்கிடுதேன்" என்று அரிவாள்மனையோடு ஏறி வந்தாள். வரும்போதே அவள் வீட்டு ஆப்பச் சட்டியும் வந்தது.

ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். வெங்காயம் பொடிப்பொடியாக, எண்ணெயில் கண்ணாடி மாதிரி வதங்க வேண்டும், சிவக்கக் கூடாது. வதங்கியதும் இலோனா சட்டியைக் கீழே இறக்கி, அந்தத் தகர டப்பாவைத் திறந்தாள். செக்கச் செவேலென்று மிளகாய்ப் பொடி. நெருப்பில் போட்டால் கருகிக் கசந்துவிடுமாம்.

அவளுடைய அப்பா வீட்டுத் தோட்டத்தில் விளைந்த மிளகாய். அவரே காயவைத்து அரைத்துக் கொடுத்து அனுப்பியது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது! மிளகாய் இனிக்கும் என்று அதற்குமுன் யாராவது சொல்லியிருந்தால் போடா என்றிருப்பேன்.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். மிச்சம் மீதி எல்லாம் விழுந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்ததைக்கூடத் தண்ணீர் விட்டு அலசி ஊற்றினாள்.

தக்காளி, குடைமிளகாய், கோழி எல்லாம் போட்டு மூடினோம். கொதிக்கட்டும் என்று மாவுக்கு உட்கார்ந்தாள். மைதா, முட்டை, பால்.

"அக்கா, சோடா வேணுங்க."

ஓடிப்போய் ஆப்பசோடா எடுத்து வந்தேன்.

"இது இல்லீங்க. குடிக்கற சோடாங்க."

மாவில் யாராவது குடிக்கிற சோடாவை ஊற்றுவார்களா? பெட்டிக்கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தேன். ஊற்றியதும் மாவு நுரைத்துக்கொண்டு இளகியது.

முதல் கரண்டி நான் ஊற்றினேன். கை தானாகக் கரண்டியால் தோசை தேய்க்கப் போனது. கிழிந்துவிட்டது.

"கரண்டி வேண்டாங்க அக்கா. சட்டியைச் சுத்துங்க."

"யக்கா, ஆப்பத்துக்குச் சுத்துத மாதிரில்லா சொல்லுதாவ!" என்றாள் ஜெபமணி.

ஆமாம், ஆப்பத்துக்குச் சுற்றுவது போலத்தான். இலோனா சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மாவு மெல்லிசாக ஓடிப் படிந்தது. அடுத்த பக்கம் திருப்பும்போது மட்டும் கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். நான் சட்டியின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

வெந்த கோழியை ஜெபமணி எலும்பில்லாமல் பிய்த்துப் பொடியாகக் கொத்தினாள். இலோனா எப்போதும் வார இறுதிக்கென்று தயிரைக் கட்டித் தொங்கவிடுவாள். எங்கள் யூனிட்டின் கட்டிங் வேஸ்டில் எடுத்த வெள்ளைப் பனியன் துணியில்தான். அன்றும் கொடிக்கயிற்றில் தொங்கியது. அந்தக் கெட்டித் தயிரையும் கொஞ்சம் மாவையும் சேர்த்து அடித்துச் சட்டிக் குழம்பில் விட்டதும், சிவப்பு மெல்ல மாறிச் செங்காவி நிறத்துக்கு வந்தது.

பலச்சிந்தாவில் கறியை வைத்து நான்கு பக்கமும் மடித்துத் தட்டில் அடுக்கினாள். மேலே அந்தக் குழம்பை ஊற்றினாள். அவள் அப்பா கடைசியில் அடுப்புக்குள் வைத்து எடுப்பாராம். எங்களிடம் அந்த வசதி இல்லை. இட்லிப் பானைக்குள் வைத்து மூடினோம்.

சூரியன் விழும் பக்கம்

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றார். நாமம் வியர்வையில் கலைந்திருந்தது.

"அம்மணி, காலைல நான் தெரியாமப் பேசிட்டேனுங்க" என்றார்.

"பரவால்லீங்க அண்ணா. எங்க ஊர் எந்தப் பக்கமுங்க?"

"சூரியன் உழுகற பக்கம். கொஞ்சம் வடக்கால."

அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். ஜெபமணி முக்காடு போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஜெபித்தார்கள். ஒருத்தி தமிழில், ஒருத்தி ஹங்கேரி பாஷையில். சொற்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடி, கடைசியில் ஆமென் மட்டும் ஒன்றாக வந்து சேர்ந்தது. கீழே யூனிட்டில் மிஷின் எதுவும் ஓடவில்லை. இவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

அடக்கம் முடிந்திருக்கும் என்று தோன்றிய நேரத்தில் இலோனா இட்லிப் பானையைத் திறந்தாள். முதல் தட்டை மேற்குப் பார்த்த சுவரோரம் வைத்தாள். அது அப்பாவுக்கு.

அடுத்த தட்டை என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்ப அவளிடமே கொடுத்தார்.

"புரட்டாசி கழியட்டும் அம்மணி. கண்டிப்பா ஒரு நாள் உங்க கையால சாப்பிடறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுதானே காலையில் கேட்டாள்? ஜெபமணி ஒருத்தி மட்டும் போதுமா? பெருமாள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சாப்புடு புள்ள. ஒருத்தராவது சாப்புடோணும்" என்றார்.

காரமே இல்லை. லேசான இனிப்பும் புளிப்புமாக, பசை மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ருசியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். இலோனா தின்றுகொண்டே அழுதாள். நானும் மூலனூரை நினைத்து அழுதேன். ஜெபமணி யாரை நினைத்தாளோ, அவளும் அழுதாள்.

தை மாதம்

ஐப்பசி பிறப்பதற்குள் இலோனா ஊருக்குப் போய்விட்டாள். அப்பாவின் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்புறம் அவளுக்கு வேறு தேசத்தில் வேலை. திருப்பூர் வரவேயில்லை.

என் வீட்டுக்காரர் அந்தப் பலச்சிந்தாவைச் சாப்பிடவேயில்லை. என்னைச் செய்யச் சொன்னதுமில்லை. "அம்மணி கையாலன்னு சொல்லியிருக்கேன்" என்பார்.

எங்கள் மகளுக்குப் பையன் பிறந்து, வாய் திறந்து இவரை "அப்புச்சி" என்று முதன்முதலில் கூப்பிட்டபோது பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "அம்மணி எப்படி இருக்குதோ?" ஒவ்வொரு தரம் அவன் கூப்பிடும்போதும் அவருக்கு அவள் ஞாபகம் வந்திருக்கும் போல.

போன வருஷம் அவர் போய்விட்டார். கண்ணீர் வராமல் நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். மகள் பயந்துபோய் டாக்டரைக்கூடக் கூப்பிட்டாள்.

மறுநாள் செல்போனில் இலோனா பேசினாள். மகள்தான் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துச் சேதி சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் தமிழ் பாதி உதிர்ந்துவிட்டது. 'ங்க' மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, அடுப்புப் பத்த வெச்சீங்களா?"

"இல்ல கண்ணு. எங்கூட்டுல அடுப்பெரியக் கூடாதே. ஜெபமணி கொண்டாந்து குடுத்தா."

"பத்த வெக்காதீங்க. நான் இங்க செஞ்சிருக்கேனுங்க. பலச்சிந்தா. அண்ணனுக்கு முதல் தட்டு வெச்சிருக்கேன். உங்க ஊர்ப் பக்கம் பாத்து."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"கறி வெக்கலீங்க அக்கா. காளான் வெச்சேன். முட்டையும் போடல, சோடா மட்டுந்தான். இது புரட்டாசியான்னு எனக்குத் தெரியலீங்க. அண்ணன் சாப்பிடலாமுங்களா?"

அது தை மாதம். நான் அதைச் சொல்லவில்லை.

"சாப்பிடுவாரு கண்ணு" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.